இல்லாத ஊரில் நாலரைக் கிரவுண்டு

இந்த வாரம் உங்களை ஒரு விசித்திரமான தேசத்துக்கு அழைத்துப் போகப் போகிறேன். அங்கே போக ரயில் வேண்டாம், விமானம் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். கட்டுச்சாதம் கட்டும் சிரமமும் கிடையாது. வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றும் இணையத் தொடர்பும் இருந்தால் போதும். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே போய்விட்டு வரலாம். அந்தத் தேசத்தின் பெயர் ஸெகண்ட் லைஃப். தமிழில் சொன்னால், இரண்டாவது வாழ்வு.

சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே மனை வாங்கலாம், வீடு வைத்துக்கொள்ளலாம், திண்ணையில் உட்கார்ந்து அண்டை அயலாரோடு பேசலாம். அதற்குப் பணம் உண்டு. பொம்மைப் பணம் அல்ல, சாக்ஷாத் அமெரிக்க டாலர்! "இல்லாத ஊரில் மனை வாங்க, இருக்கிற பணத்தைக் கொடுக்கலாமா?" என்ற கேள்வியுடன் நானும் என் மனைவியும் சில வாரங்கள் அந்தத் தேசத்தில் அலைந்தோம். கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன். தீர்மானம் உங்கள் கையில்.

அவதாரம் எடுத்தோம்

இந்தத் தேசத்தை உண்டாக்கியவர்கள் அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் உள்ள லிண்டன் லாப் என்ற கம்பெனியார். பிலிப் ரோஸ்டேல் என்பவர் 1999-ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 2003 ஜூன் மாதம் ஸெகண்ட் லைஃபின் கதவு பொது ஜனங்களுக்குத் திறந்தது.

உள்ளே போகிறவர் ஓர் உருவம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் 'அவதார்'. ஆம், நம்முடைய அவதாரமேதான்! நீல் ஸ்டீபன்ஸன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1992-ல் வெளியிட்ட 'ஸ்னோ கிராஷ்' என்ற நவீனத்தின் மூலம் இந்த அர்த்தத்தில் அந்தச் சொல் பிரபலமாயிற்று. மகாவிஷ்ணு பத்து எடுத்தார். இங்கே தினம் பத்து எடுத்தாலும் கேட்பாரில்லை. கிழவர் குமரராகலாம், குமரி பூனையாகலாம். என் மனைவி முதல் அரைமணி நேரத்தில் நாலு தடவை மூக்கை மாற்றினாள். புடவைகூட விற்கிறார்கள். அங்கே செலாவணி 'லிண்டன் டாலர்'. ஏறக்குறைய 250 லிண்டன் கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர். ஒரு டாலர் சுமாருக்குப் புடவை என்றால் எந்தப் பெண்மணிதான் நின்று பார்க்க மாட்டாள்?

இங்கே நடக்கலாம், நடக்க அலுப்பாயிருந்தால் பறக்கலாம். அதுவும் அலுத்துவிட்டால் வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டால் மறு நிமிஷம் அங்கே நிற்கலாம். சூரியனும் அவசரக்காரன். இந்தத் தேசத்தில் ஒரு நாள் என்பது வழக்கமாக 4 மணி நேரம்தான். 3 மணி பகல், 1 மணி இரவு. காலைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் அஸ்தமனம் வந்துவிடுகிறது!

சம்சாரத்தைக் கடந்து

மிகப் பழைய கண்டத்தின் பெயர் 'ஸன்ஸாரா'. நம்முடைய 'சம்சாரம்' என்ற சொல்தான். "பெயர் வைத்தவர் கல்யாணம் ஆனவராக இருக்க வேண்டும்" என்றேன். என் மனைவி பதில் சொல்லவில்லை, பறந்து போய்விட்டாள். அந்தக் கண்டத்தில்தான் 'டா பூம்' என்ற முதல் வட்டாரம் இருக்கிறது. வட்டாரம் ஒவ்வொன்றும் 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம்; நம் கணக்கில் சுமார் 16 ஏக்கர்.

ஸன்ஸாராவுக்கு அப்பால் 'ஹெடரோஸெரா' என்ற கண்டம். அங்கே வட்டாரங்களுக்கு விட்டில் பூச்சி வகைகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ரயில் பாதை கூட உண்டு. டிக்கெட் வாங்காமல் ஏறி உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரமாக ஒரு பக்கம் கடல், மறு பக்கம் யார் யாரோ கட்டிய வீடுகள். கோபுரம் வைத்த மாளிகைக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை, அதற்கடுத்தாற்போல் ஆகாயத்தில் தொங்கும் நடனசாலை. இடையிடையே வெறும் புல்தரை. யாரோ காலி செய்துவிட்டுப் போன மனைகள். பிறகு 'பிளேக் ஸீ' என்ற கடலில் பாய்மரப் படகுகள் பந்தயம் விடுவதையும் கரையிலிருந்து பார்த்தோம்.

ஓர் எச்சரிக்கை. எல்லாத் தெருவும் குடும்பத்தோடு போகத் தக்கவை அல்ல. அந்த மாதிரிக் கேளிக்கைகளுக்கென்றே 2009-ல் 'ஜிண்ட்ரா' என்று தனிக் கண்டம் ஒதுக்கினார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தரம் குறித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு போனால் சங்கடமில்லை.

வரி கொடோம்!

மனை விற்கும் வழக்கம் இங்கே ஆதியில் கிடையாது. தொடக்கத்தில் கட்டிய சாமான் ஒவ்வொன்றுக்கும் வரி போட்டார்கள். அழகாகவும் பெரிதாகவும் கட்டுகிறவனுக்கு வரி அதிகம். கோபம் வராதா? 2003 ஜூலையில் ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களை நினைவூட்டி, தேயிலைப் பெட்டிகளை மலைமலையாக அடுக்கி வைத்துவிட்டார்கள்! கம்பெனியார் இறங்கி வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சாமான் வரி போய், நிலத்துக்கு மாதக் கட்டணம் என்ற ஏற்பாடு வந்தது. குடிமக்கள் உண்டாக்கும் பொருள்களின் படைப்புரிமை அவரவர்க்கே என்றும் அறிவித்தார்கள்.

இந்த மாதக் கட்டணம்தான் இந்தத் தேசத்தின் கிஸ்தி. கிஸ்தி கட்டும் வரையில் நிலம் உங்களுடையது.

வீடு பார்த்த படலம்

குடியேற மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கம்பெனியின் 'பிரீமியம்' அங்கத்தினராகச் சேர்வது. 2019-ல் வைத்த கட்டணப்படி மாதம் 11 டாலர் 99 சென்ட். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 99 டாலர். நம் பணத்தில் எட்டு, ஒன்பதாயிரம் ரூபாய்! இதற்குப் பதிலாக 1,024 சதுர மீட்டர் மனையைக் கிஸ்தி இல்லாமல் அனுபவிக்கலாம். வாரம் 300 லிண்டன் கைச்செலவுக்கும் கொடுக்கிறார்கள். கம்பெனியே கட்டிய வீடுகளில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். தனியாக விலை கிடையாது.

இரண்டாவது வழி, பழைய கண்டங்களில் இன்னொரு குடியிடம் லிண்டன் கொடுத்து மனை வாங்கி, இஷ்டம்போல் கட்டிக்கொள்வது. இதற்கும் அங்கத்தினராக வேண்டும். 1,024 சதுர மீட்டருக்கு மேல் போனால் கிஸ்தியும் உண்டு.

மூன்றாவது வழி, தனித்தீவு வைத்திருக்கும் ஒருவரிடம் வாரக் குடிக்கூலி கொடுத்து இருப்பது. அங்கத்தினர் சந்தா வேண்டாம். ஆனால் தீவுக்காரர் கம்பெனிக்குப் பணம் கட்டாமல் விட்டால் தீவே மறைந்துவிடும். குடித்தனக்காரர்கள் என்ன செய்வது? வேறு தீவு தேட வேண்டியதுதான்.

முதல் வழி எப்படி என்று பார்க்க 'பெல்லிஸெரியா' என்ற புதிய கண்டத்துக்குப் போனோம். 2019 ஏப்ரலில் திறந்தது. அடடா, என்ன அழகு! வளைந்து வளைந்து போகும் கால்வாய்கள், அவற்றில் படகு வீடுகள். கரையேறினால் மரங்கள் நிழல் தரும் தெருக்கள், வேலி போட்ட தோட்ட வீடுகள், விக்டோரியா மகாராணி காலத்து மாடி வீடுகள், மரக்கட்டை வீடுகள். என் மனைவி மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். "1,024 சதுர மீட்டர் என்றால் நாலரைக் கிரவுண்டுக்கு மேல் வருகிறது. நம்ம ஊரில் நாலரைக் கிரவுண்டு யார் கொடுப்பார்கள்?"

இடம் பெரிதுதான். ஆனால் வேறு ஓர் அளவு உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பாரக் கணக்கு. அங்கத்தினருக்குக் கொடுக்கும் மனை தாங்கக்கூடியது 351. கம்பெனி வீட்டில் இருந்தால் வீடு அந்தக் கணக்கில் சேராது. சோபா, ஊஞ்சல், பூந்தொட்டி, பூனைக்குட்டி எல்லாம் சேரும். நுணுக்கமாகச் செய்த ஒரு கட்டில் ஒன்றே கணக்கில் பெரும் பகுதியை விழுங்கிவிடலாம். அந்தக் கணக்கு தெரியாமல் கடையில் சாமான் வாங்கக் கூடாது.

பட்டாவா, குடிக்கூலியா?

"வாங்கினால் நமக்குச் சொந்தம்தானே? பின்னால் விற்றால் லாபம் வருமா?" என்று கேட்டாள் என் மனைவி. வீடு வாங்குகிற எந்தக் குடும்பமும் கேட்கும் கேள்விதான்.

லாபம் கண்டவர்கள் உண்டு. சீனாவில் பிறந்து ஜெர்மனியில் குடியேறிய ஐலின் கிரேஃப் என்ற பெண்மணி, 'ஆன்ஷே சங்' என்ற அவதாரப் பெயரில் நிலத்தை மொத்தமாக வாங்கி, அழகுபடுத்தி, துண்டு துண்டாக விற்றும் வாடகைக்கு விட்டும் வந்தார். 2006 மே மாதம் 'பிஸினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் அவருடைய அவதாரம் இடம் பெற்றது. அங்கே தமக்குள்ள சொத்தின் மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாக அந்த ஆண்டு நவம்பரில் அவர் அறிவித்தார். அது குடியேற்றம் பெருகிய காலம். அப்போது ஒரு தனித்தீவின் விலை 1,675 டாலர். பராமரிப்பு மாதம் 295 டாலர். பின்னால் அந்தக் கட்டணங்களைக் குறைத்துவிட்டார்கள். அதிக விலைக்கு வாங்கி வைத்தவர்களுக்கு அது நல்ல செய்தியல்ல.

நஷ்டப்பட்டவர்களும் உண்டு. பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த மார்க் பிராக் என்ற வக்கீல் 2006-ல் ஒரு மனையை 300 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். அது முறைகேடான வழியில் நடந்த ஏலம் என்று கம்பெனி சொல்லி, அவருடைய கணக்கையே முடக்கிவிட்டது. அந்த மனை மட்டுமல்ல, அவர் முன்பு வாங்கியிருந்தவையும் போயின. வக்கீலல்லவா? வழக்குப் போட்டார். தகராறுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாமல் மத்தியஸ்தத்துக்கே விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த ஷரத்து நியாயமற்றது, செல்லாது என்று 2007 மே மாதம் நீதிபதி சொன்னார். பிறகு இரு தரப்பாரும் சமாதானமாகிவிட்டார்கள். நிலம் யாருடைய சொத்து என்ற மூலக் கேள்விக்குத் தீர்ப்பு வரவே இல்லை.

இப்போது ஒப்பந்தத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிட்டார்கள். நிலமும் லிண்டன் டாலரும் அனுபவிக்கக் கொடுத்த அனுமதிதான், பட்டா அல்ல. சந்தாவை நிறுத்தினால் வீடு கம்பெனிக்குத் திரும்பிப் போகும். ஊஞ்சலும் சோபாவும் உங்கள் பெட்டிக்குள் 'தொலைந்து கிடைத்தவை' என்ற உறையில் வந்து விழும். வேறொருவர் உங்கள் வாசலில் கோலம் போடுவார்.

வட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் கதையும் ஒன்று இருக்கிறது. 'கிங்கோ பைனான்ஷியல்' என்று அங்கே ஒரு பாங்கு இருந்தது. நம்ம ஊர்ச் சீட்டுக் கம்பெனிகள் வெட்கப்படும்படி வட்டி கொடுப்பதாகச் சொல்லிற்று. 2007 ஆகஸ்டில் அது கவிழ்ந்தபோது சுமார் ஏழரை லட்சம் டாலர் மதிப்புள்ள டிபாஸிட்டுகள் முழுகிப் போயின. 2008 ஜனவரியிலிருந்து, அரசாங்க அனுமதி பெறாத எவரும் அங்கே வட்டிக் கடை நடத்தக் கூடாது என்று கம்பெனி தடை விதித்துவிட்டது.

பெரிய மனிதர்கள் வந்து போன கதையும் உண்டு. 2007 மே மாதம் மாலத்தீவும் ஸ்வீடனும் அங்கே தூதரகம் திறந்தன. ஸ்வீடன் தூதரகத்தை 2013-ல் மூடிவிட்டார்கள். இந்த மாதிரித் தேசங்கள் சில அடியோடு மறைந்தும் போயிருக்கின்றன. 'ஸிம்ஸ் ஆன்லைன்' 2008-லும், 'ஆல்ட்ஸ்பேஸ்' 2023-லும் மூடப்பட்டன. அந்த வகையில் பார்த்தால் ஸெகண்ட் லைஃப் இருபது வருஷங்களைத் தாண்டி நிற்பது பெரிய காரியம்தான்.

"அப்படியானால் இது வீடு வாங்குவதல்ல, கிளப்பில் சேருவது" என்றாள் என் மனைவி. அந்த ஒரு வார்த்தையில் விஷயம் தெளிந்துவிட்டது. கிளப்பில் சேருகிறவர் கட்டடம் எத்தனை கிரவுண்டு என்று கேட்பதில்லை. யார் யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்றுதான் கேட்பார்.

ஊர் விழித்திருக்கும் நேரம்

இந்தத் தேசத்தின் கடிகாரம் கலிபோர்னியாக் கடிகாரம். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நாம் வேலை முடித்து, இரவு 8 மணிக்கு ஓய்வாகப் போய் இறங்கினால் கலிபோர்னியாவில் காலை ஏழரை. அமெரிக்கர்கள் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பியர்கள் ஆபீஸில் இருப்பார்கள். பெல்லிஸெரியாவில் வாரநாள் மாலை ஒன்றில் தெருத் தெருவாக நடந்தோம். விளக்கு எரிகிறது, புகைபோக்கியில் புகை வருகிறது, முற்றத்தில் நாற்காலி போட்டிருக்கிறது, மனிதர்களைக் காணோம். "நவராத்திரிக் கொலு மாதிரி இருக்கிறது" என்றாள் என் மனைவி.

அமெரிக்கர்கள் கச்சேரியும் நடனமும் வைத்துக்கொள்வது அவர்களுடைய இரவு 7 மணிக்கு. நமக்கு அப்போது காலை ஏழரை! அடுப்பில் குழம்பு, வாசலில் பள்ளிக்கூட வண்டி. அந்த நேரத்தில் எந்தக் குடும்பத் தலைவி அவதாரம் எடுக்க முடியும்?

ஒரே ஒரு வழிதான். அவர்களுடைய சனிக்கிழமை இரவு நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நேரத்தில் போனோம். அதே கால்வாய், அதே படகு வீடுகள். ஆனால் இப்போது ஊர் கலகலவென்றிருந்தது. ஒரு படகு வீட்டின் மேல்தளத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரி எங்களையும் கூப்பிட்டாள். கனடாவில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளாம். "பணம் கட்டுவது உங்களுக்குத் தண்டமாகத் தோன்றுவதில்லையா?" என்று என் மனைவி நேராகவே கேட்டாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "இவர்கள் சனிக்கிழமை தவறாமல் வருகிறார்கள். வருவது நின்றால் மறு மாதம் நானும் கட்ட மாட்டேன்" என்றாள்.

யாருக்கு லாபம்?

வெளியே நடமாட முடியாதவர்களுக்கு இந்தத் தேசம் வேறு அர்த்தம் உள்ளது. அமெரிக்காவில் பார்க்கின்ஸன்ஸ் நோய் கண்ட, எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இங்கே நாட்டியம் ஆடினார், நீந்தினார், தோட்டத்தில் உலாவினார். தம் அவதாரம் சீனத்து 'தாய் சீ' அப்பியாசம் செய்வதைப் பார்த்துப் பார்த்து, நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது தமக்கு எளிதாயிற்று என்று அவர் சொன்னார். அதை வைத்திய சாஸ்திரத்தின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்ன அனுபவம், அவ்வளவுதான். ஆனால் அதே நோய் கண்டவர்கள் கூடிப் பேச அவருடைய மகள் அங்கே ஒரு பூங்காவே அமைத்தாள். 'வர்ச்சுவல் எபிலிடி' என்ற சங்கத்தார் அங்கவீனர்களுக்கு அங்கே வழிகாட்டுகிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக 2005 முதல் ஆண்டுதோறும் தொடர் நடை நடத்தி நிதி திரட்டுகிறார்கள். டாம் போயல்ஸ்டார்ஃப் என்ற மானிடவியல் பேராசிரியர் இரண்டு வருஷங்களுக்கு மேல் இந்த ஜனங்களோடு பழகி, 2008-ல் ஒரு புத்தகமே எழுதினார். அங்கே உண்டாகும் சிநேகம் மெய்யான சிநேகந்தான் என்பது அவர் கட்சி. நாங்கள் பார்த்த படகு வீடும் அதைத்தான் சொல்லிற்று.

உடை தைக்கவும் சாமான் செய்யவும் கற்றுக்கொண்டு அங்கே கடை போடுகிறவர்களுக்கும் சொந்த இடம் பிரயோஜனப்படும். ஆனால் கணினியில் அந்த வேலை கற்க நாளாகும். நாலு நாளில் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வரவு செலவு

என் மனைவி காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். செலவு 99 டாலர். வாரம் 300 லிண்டன் என்றால் வருஷத்துக்கு 15,600. சுமார் 62 டாலர் பெறும். ஆக நிகரச் செலவு 37 டாலர்தானா? "இல்லை. அந்த லிண்டனை வைத்துப் புடவையும் சோபாவும்தான் வாங்குவேன். இனாம் கொடுத்தார்கள் என்பதற்காகத் தேவையில்லாததை வாங்கினால் அது மிச்சம் ஆகாது. செலவு 99 என்றே எழுதுங்கள்" என்றாள்.

வரவு என்ன? ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணிக்கும் யாருடைய வீட்டிலாவது விருந்தாளியாகப் போனால் போதும். எங்களுக்கென்று வீடு தேவையில்லை. ஆகவே மனை வேண்டாம் என்று முடிவாயிற்று. அதற்குப் பதில் 10 டாலருக்கு லிண்டன் வாங்கிக்கொண்டோம். அங்கே வீட்டிலிருந்தபடியே பாடுகிற, கித்தார் வாசிக்கிற கலைஞர்கள் உண்டு. மேடையில் ஓர் உண்டியல் வைத்திருப்பார்கள். மனசுக்குப் பிடித்தால் அதில் போடலாம். அந்தப் 10 டாலர் பல வாரங்களுக்கு வரும்.

உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் எங்கள் யோசனை இதுதான்: முதல் இரண்டு மாதம் காசில்லாமல் சுற்றுங்கள். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாலு பேர் அங்கே கிடைத்தால் மாதக் கட்டணம் கட்டிச் சேருங்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த நாலு பேர் இருந்தால் வருஷக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம். விற்று லாபம் பார்க்கிற எண்ணமிருந்தால் மட்டும், தயவுசெய்து, நிஜமான ஊரில் நிஜமான நிலமாகப் பாருங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போகிறவர்கள் சனிக்கிழமை இரவே இட்லிக்கு அரைத்து வைத்துவிடுவது நல்லது.